மேஸ்திரி வீட்டு ஜெபம்

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபம் நடக்கும். முறை வைத்து வாரம் ஒரு வீடு. தமிழில் ஒரு பாட்டு, தெலுங்கில் ஒரு பாட்டு. பிறகு அவரவர் விண்ணப்பத்தைச் சொல்வோம். எல்லோரும் சொல்லி முடித்ததும் அந்த வீட்டுக்காரர்தான் முதலில், சொன்ன விண்ணப்பம் ஒன்றையும் விடாமல், சத்தமாக ஜெபிக்க வேண்டும். முன்பெல்லாம் போதகர் ஒருவரே ஜெபித்துவிட்டுப் போவாராம். இப்போது இருக்கும் போதகரம்மா வந்துதான் இதை மாற்றினார்கள். "வீட்டுக்குக் கூப்பிட்டவங்க வாயத் தொறக்காம இருந்தா எப்படி?" என்பார்கள்.

விண்ணப்பம் என்றால் காய்ச்சலும் பரீட்சையும் மட்டும் இல்லை. ரேஷன் கார்டு வராதது, காலனிக் குழாயில் தண்ணீர் விடாதது, வேலை செய்யும் வீட்டில் தனி டம்ளர் வைத்தது, எல்லாவற்றையும் சொல்லலாம். ஜெபித்த பிறகு யாராவது இரண்டு பேர் அந்த ஆளோடு ஆபீசுக்குக் கூடவே போவார்கள். எங்கள் சபை மெத்தடிஸ்டு சபைதான், ஆனால் தாலுகா ஆபீஸ் மாதிரியான மண்டல ஆபீசில் எங்களுக்குப் பேர் "கும்பலா வர்றவங்க" என்பது.

நான் எட்டாவது வரை படித்தவள். இந்த வழக்கத்தின் அருமை எனக்கு என் வீட்டுக்காரர் விழுந்தபோதுதான் புரிந்தது.

திருவள்ளூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ஆந்திராவில், புத்தூரில் வாடகைக்கு இருக்கிறோம். சத்தியவேடு பக்கத்தில் ஒரு கம்பெனியில் அவருக்கு லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. வேலைக்குச் சேர்த்துவிட்ட மேஸ்திரி எங்கள் சபைக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை பிடிப்பவர்.

ஒரு நாள் லாரி மேலிருந்து வழுக்கி விழுந்து என் வீட்டுக்காரரின் கால் முறிந்தது. கூட இருந்தவர்கள் வண்டியில் போட்டு நேராகப் புத்தூருக்குக் கொண்டுவந்து கட்டுப் போட்டுவிட்டார்கள். எங்கெங்கோ இருந்து மூங்கில் தப்பை வைத்துக் கட்ட இந்த ஊருக்கு வருகிறார்கள். இங்கேயே குடியிருக்கிறவர் வேறு எங்கே போவார்? கட்டும் நன்றாகவே அமைந்தது. ஆனால் அவர் சம்பளத்தில் காப்பீட்டுக்கென்று மாதா மாதம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காப்பீட்டுக்காரர்களின் ஆஸ்பத்திரிக்குப் போகாததால், விழுந்தது வேலை செய்த இடத்தில்தான் என்று யாராவது திருப்பதியில் இருக்கும் காப்பீட்டு ஆபீசில் வந்து சொன்னால்தான் படுத்திருக்கும் நாட்களுக்குப் பணம் வரும் என்றார்கள். வராவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குத் திரும்புவதைத் தவிர வழியில்லை. மகள் பத்தாவது படிக்கிறாள், தெலுங்கு மீடியம். பாதி வருஷத்தில் அங்கே கொண்டுபோய் எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

அவர் விழுந்தபோது லாரிக்குக் கீழே நின்றவர் மேஸ்திரி. நான் போய்க் கேட்டேன்.

"பர்வாலேதும்மா, ஒண்ணும் ஆவாது. கட்டுப் பிரிச்சா எழுந்து நடந்துடுவான்."

"நடக்கட்டும்ணா. வேலையிலதான் விழுந்தாருன்னு நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

"சொன்னா கம்பெனி என்னைத் தூக்கிடும். என்ன நம்பி எத்தினி பேரு வேலை செஞ்சிக்கினு கீறாங்க தெரியுமா? அவங்க எங்க போவாங்க?"

அவர் பொய் சொல்லவில்லை. திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை முறை மேஸ்திரி வீட்டுக்கு வந்தது. நான் புடவை மாற்றுவதைக் கட்டிலில் படுத்தபடி என் வீட்டுக்காரர் பார்த்தார்.

"அங்கயா போற?"

"ஜெபத்துக்குத்தானே போறேன்."

"ஜெபத்துக்குப் போற மூஞ்சியா இது? சண்டைக்குப் போற மாதிரி கீற."

மேஸ்திரி வீட்டுக் கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தன. பாட்டு முடிந்து விண்ணப்பம் சொல்லும் நேரம் வந்தது. ஒரு அம்மாள் மருமகளின் பிரசவத்துக்காகக் கேட்டார். ஒருவர் மகன் எழுதும் பரீட்சைக்காகக் கேட்டார். என் முறை வந்தபோது, "என் வீட்டுக்காரர் வேலை செய்யற இடத்துல விழுந்தாரு. அதை ஆபீசுல வந்து சொல்றதுக்கு ஒருத்தர் மனசு எறங்கணும்" என்றேன். யார் பெயரையும் சொல்லவில்லை.

மேஸ்திரி கண்ணை மூடினார். வெகுநேரம் ஸ்தோத்திரம் சொன்னார். பிரசவத்துக்கு ஜெபித்தார், பரீட்சைக்கு ஜெபித்தார். "கீழே விழுந்த சகோதரனுக்கு சுகம் தாரும்" என்று சொல்லிவிட்டு நாட்டை ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்கப் போய்விட்டார்.

அவர் மனைவி டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"எங்க விழுந்தாருன்னு சொல்லலியே நீ."

"ஆண்டவருக்குத் தெரியும்டி" என்றார் மேஸ்திரி, கண்ணைத் திறக்காமல்.

"அவருக்குத் தெரியும். ஆபீசருக்குத் தெரியலன்னுதானே அந்தப் பொண்ணு கேட்டுக்கினு கீது."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். போதகரம்மா கண்ணை மூடியபடியே இருந்தார்கள். யாரும் அவருக்காக ஆமென் சொல்லி முடித்துவைக்கவில்லை. ஏன் வந்தோம் என்றுகூட நினைத்தேன்.

"ஆண்டவரே" என்றார் மேஸ்திரி. குரல் இறங்கியிருந்தது. "என் கண்ணு முன்னாடிதான் விழுந்தான். லாரி மேல இருந்து. நான் கீழ நின்னுக்கினு இருந்தேன். எனக்கு பயமா கீது ஆண்டவரே."

அப்போதுதான் போதகரம்மா ஆமென் சொன்னார்கள். டீயை வாங்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி, "அண்ணா, திங்கக்கெழமை திருப்பதிக்கு எந்த பஸ்ஸுல போலாம்?" என்று கேட்டார்கள்.

"நீங்களுமா வர்றீங்க?"

"உங்களத் தனியா அனுப்பிட்டு நாங்க இங்க ஒக்காந்து டீ குடிச்சிக்கினு இருப்பமா?"

திங்கட்கிழமை போதகரம்மா, மேஸ்திரி, அவர் மனைவி, நான் நாலு பேரும் போனோம். மேஸ்திரி தெலுங்கில் நடந்ததை நடந்தபடி சொன்னார். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று ஆபீசர் கேட்டார். "பயம் சார்" என்றார். ஆபீசர் அதற்கு மேல் கேட்கவில்லை. பிறகும் சில தடவை அலைந்தோம், ஒவ்வொரு தடவையும் சபையிலிருந்து ஒருவர் கூட வந்தார். பணம் வந்தது. வீட்டைக் காலி செய்யவில்லை. மகள் அதே பள்ளியில் பத்தாவது முடித்தாள். என் வீட்டுக்காரருக்கு இப்போது லேசாக ஒரு சாய்ந்த நடை உண்டு, அவ்வளவுதான்.

மேஸ்திரி பயந்ததும் வீண் பயம் இல்லை. கம்பெனி அவருக்கு அடுத்த ஒப்பந்தம் கொடுக்கவில்லை. அவருடைய ஆட்கள் சிலரை வேறு மேஸ்திரி எடுத்துக்கொண்டார், சிலர் சும்மா இருந்தார்கள். நான் அவர் மனைவியிடம் போய் அழுதேன். "நீ எதுக்கு அழுவற? அந்தாளு இப்பத்தான் நல்லா தூங்கறாரு" என்றார் அந்த அம்மாள். அன்றைக்கு எனக்குத் தின்ன முறுக்கு கொடுத்து அனுப்பினார். அந்த வீட்டுக்கு நான் பட்ட கடனை எந்த ஜெபத்திலும் சொல்லி முடிக்க முடியாது.

எங்கள் வீட்டு முறை வந்தது. ஒரே அறை என்பதால் தெருவில் பாய் விரித்தோம். மேஸ்திரி விண்ணப்பம் சொன்னார். ரேணிகுண்டா பக்கம் ஒரு கம்பெனியில் ஆள் கேட்கிறார்கள், திங்கட்கிழமை வந்து பேசச் சொன்னார்கள், அது கிடைக்க வேண்டும்.

முதலில் ஜெபிக்க வேண்டியது வீட்டுக்காரர். போதகரம்மா எங்கள் இருவரையும் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் என்னைத் தள்ளினார். "நீயே ஜெபி. ஒனக்குத்தான் வாய் கீது."

எந்த ஊர், எந்தக் கம்பெனி, எத்தனை பேருக்கு வேலை வேண்டும் என்று ஒன்றையும் விடாமல் சொல்லி ஜெபித்தேன். ஆண்டவருக்குத் தெரியாது என்று அல்ல. எதிரே மேஸ்திரியின் மனைவி உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றார். எங்கே என்று கேட்டேன்.

"மேஸ்திரி கூட ரேணிகுண்டாவுக்கு" என்றார். "கீழ நின்னு பாத்துக்கினு இருக்கறதுக்கு ஒரு ஆளு வேணாமா?"