ஹான் தளபதிக்கு மூன்றாம் மாதத் தானம்

ரம்புக்கனை ஸ்டேசனில் முப்பத்து நான்கு வருஷம் ஸ்டேசன் மாஸ்டராக, ஊர் வாயில் 'ஸ்டேசன் மாத்தயா'வாக, வேலை பார்த்த விமலசூரிய, எந்த ரயிலையும் 'இந்தா வருகுது' என்று சொன்னவர் அல்ல. இரண்டு மணித்தியாலம் தாமதம் என்றால் அப்படியே சொல்வார். மணப்பெண்ணின் தகப்பன் கையைப் பிசைந்துகொண்டு நின்றாலும் ஒரு நிமிஷம் குறைக்கமாட்டார். ஊர் அவரை மதித்தது. விரும்பியது என்று சொல்ல முடியாது.

ஓய்வுக்குப் பிறகு அவருக்கு வாய்த்த உத்தியோகம் வாசிப்பது. மனைவி பேமாவதிக்குக் கண்ணில் புரை. டிவியில் ஆட்களும் நிறங்களும் மங்கலாகத் தெரியும். அடியில் ஓடும் சிங்கள எழுத்து தெரியாது. கொரிய ராஜாக்களின் கதையை விடவும் மனம் வராது. ஆகவே தினமும் மாலை ஏழரைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தை உரக்க வாசித்தார். ராணி, மந்திரி, சமையற்காரி எல்லோரும் அடுத்த ரயிலை அறிவிக்கும் அதே குரலில் பேசினார்கள்.

"கொஞ்சம் அழுது வாசியுங்கோவன்."

"எழுத்தில அழுகை போடேல்லை."

கண் ஆபரேசனுக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு முறை நாள் கொடுத்தார்கள். இரண்டு முறையும் பேமாவதிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாவதாகக் கொடுத்த தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ராஜா தன் விசுவாசமான ஹான் தளபதிக்கு நஞ்சுக் கிண்ணம் அனுப்பினார். அன்றைய பகுதி அத்தோடு நின்றது.

மறுநாள் பேமாவதி ஊர்ப் பௌத்த கோயிலான பன்சலைக்குப் போய்ப் போதிமரத்துக்குத் தண்ணீர் ஊற்றி நேர்ந்துகொண்டு வந்தாள்.

"அந்த மனுசன் தப்பினா நான் கண்ணை வெட்டக் குடுக்கிறன். தப்பாட்டி ஒருத்தரும் என்னைக் கூப்பிடக்கூடாது. போதிக்கு முன்னால சொல்லிப்போட்டன்."

அன்று மாலை திரையில் ஒரு கதவு சாத்தப்பட்டது. அடியில் எழுத்து வந்தது: 'தளபதி மாண்டார்.'

"ராஜா மன்னிச்சிட்டார்" என்று வாசித்தார் விமலசூரிய. குரலில் மாற்றமில்லை. அந்தக் குரலை யார் சந்தேகிப்பார்கள்?

கதவு திறந்தது. திரை முழுக்க இழவுக்கு உடுத்த வெள்ளை உடுப்பு.

"அழுகிற சத்தம் கேக்குது?"

"சந்தோசத்தில."

"எல்லாரும் வெள்ளை உடுத்திருக்கினம். சில் எடுக்கவோ? அங்கயும் இண்டைக்குப் போயாவோ?"

போயா என்ற பௌர்ணமி நாளில் ஊரே வெள்ளை உடுத்திச் சில் விரதம் காக்கும்; ஆனாலும் இந்த உதவியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"ஓம், போயா."

"பாவம், நல்ல சனங்கள்."

பொய் சொன்னால் நாக்குத் தடுக்கும் என்று அவர் இத்தனை காலம் நம்பியிருந்தார். தடுக்கவில்லை. இது என்ன சங்கதி என்று மறுநாள் மாலையும் சோதித்துப் பார்த்தார். தளபதியை எல்லைக்கு அனுப்பினார். அங்கே பனி பெய்ய வைத்தார். ஒருநாள் தளபதி மனைவிக்கு எழுதிய கடிதத்தை வாசித்தபோது அவர் குரல் உடைந்தது. திரையிலோ இரண்டு மந்திரிகள் உப்பு வரியைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்பதான் ஒழுங்கா வாசிக்கிறியள்" என்றாள் பேமாவதி. சொன்ன நாளில் ஆஸ்பத்திரிக்கும் போனாள், காய்ச்சல் இல்லாமல்.

கட்டு அவிழ்த்து, கண்ணாடி வந்து, டிவி முன்னால் உட்கார்ந்தவள் தானாக வாசித்த முதல் வரி, தளபதியின் மகன் சொன்னது: 'அப்பா இறந்து மூன்று மாதம்.'

விமலசூரிய எழும்பப் பார்த்தார்.

"இருங்கோ ஸ்டேசன் மாத்தயா. எப்ப செத்தவர்?"

"அண்டைக்கு... வெள்ளை உடுத்த அண்டைக்கு."

விளம்பரம் முடியும்வரை அவள் புதுக் கண்ணாடியைத் துடைத்தாள். கண் தெரிந்துவிட்டது, அதைத் திருப்பிக் கொடுக்கவா முடியும்?

"அப்ப ஏழாம் நாள் தானம் என்னால தவறிப்போச்சு. ஆளைச் சாகக் குடுத்துப்போட்டு, அவர் பேரில ஹாமுதுருமாருக்கு ஒரு பிடி சோறு குடுக்கேல்லை."

"அது கொரியா, பேமா. அவையளுக்கு அந்த வழக்கமெல்லாம்..."

"போயா இருக்கிற நாட்டில தானம் இல்லையோ? மூண்டாம் மாதத் தானமாவது குடுப்பம், நாளைக்குப் பன்சலைக்குப் போய் ஹாமுதுருவிட்டச் சொல்லுங்கோ. நீங்கதான் போகவேணும்."

அவர் போனார். பன்சலையில் தேங்காய் துருவிக் கொண்டிருந்த உபாசிகாப் பெண்களைத் தாண்டி, பிக்குவான ஹாமுதுரு முன்னால் முழங்காலில் அமர்ந்தார். ஹாமுதுரு தானப் புண்ணியம் போய்ச் சேரவேண்டிய இறந்தவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, தலை நிமிர்ந்தார்.

"ஹான். சீன ஆளோ? மாத்தயாவுக்கு என்ன முறை?"

அந்த ஆளை இத்தனை நாள் கூடுதலாக உயிரோடு வைத்திருந்தவருக்கு என்ன முறை என்று அவர் யோசித்தார். பிறகு, உண்மைக்கு மிக அருகில் இருந்த சொல்லைச் சொன்னார்.

"பழக்கமானவர், ஹாமுதுருவே."