அலமேலு கேட்ட களத்து வேலை

1. பனியில் வேர்த்தவர்

மார்கழி பிறந்த வாரம். காப்பிப் பழப் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மேற்குச் சரிவில் பழம் பறித்துக்கொண்டிருந்த அலமேலு மயங்கி விழுந்துவிட்டார் என்று மேஸ்திரி எஸ்டேட் ஆபீசுக்கு போன் செய்தார். நான் அங்கே வருகைப் பதிவு எழுதும் ரைட்டர். ஆபீசில் ஒரே பெண் என்பதால் பெண்கள் விஷயம் என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். ஜீப்பில் போனேன்.

பறிப்புக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டி, இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொள்வார்கள். இலையில் நிற்கும் பனிநீருக்கும் முசுறு எறும்புக்கும் அதுதான் தடுப்பு. அலமேலு சட்டையைக் கழற்றி எறிந்திருந்தார். கையெல்லாம் எறும்பு கடித்த தடிப்பு. எதிர்ச் செடி தெரியாத பனியில் அவர் கழுத்தில் வேர்வை வழிந்தது.

"எங்களுக்கெல்லாம் பல்லு கிட்டிக்குதுங்க. அக்காளுக்கு மட்டும் சேலத்து வெயில் அடிக்குது," என்றாள் பக்கத்து வரிசைப் பெண். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜீப்பில் வரும்போது அலமேலு மெல்லச் சொன்னார்: "நொம்ப நாளா இப்படித்தானுங்கம்மா. திடீர்னு ஒடம்புக்குள்ள அடுப்பு மூட்டுன மாதிரி இருக்குதுங்க. ராத்திரியில தூக்கமில்லே. வைகாசியில சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அப்புறம் மாசமாசம் வர்றதும் நின்னு போச்சுங்க."

2. மேஜைக்கு முன்னால்

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, மாதவிடாய் சீக்கிரமே நின்றுவிட்டது என்றும், கொஞ்ச காலம் இலகுவான வேலை கொடுப்பது நல்லது என்றும் சீட்டு எழுதிக் கொடுத்தார். அலமேலு கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. சரிவுக்குப் பதில் களத்து வேலை. காயும் கொட்டையைக் கிளறிவிடும் வேலை அது. பக்கத்தில் குழாய் உண்டு, நிழல் உண்டு, கழிப்பறை உண்டு.

என்ன வழி இருக்கிறது என்று நானும் தேடிப் படித்தேன். தோட்டத் தொழிலாளருக்கான சட்டத்தில் நோய்க்கும் பிரசவத்துக்கும் இடம் இருந்தது. இதற்கென்று ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. சீட்டோடு அலமேலுவையும் அழைத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். சில வெளிநாடுகளில் இந்தக் காலத்தில் இருக்கும் பெண்களுக்கு வேலையை மாற்றித் தருகிறார்கள் என்று மேனேஜரிடம் சொன்னேன்.

"அதெல்லாம் அந்த ஊருக்குங்க மேடம்," என்றார் அவர். பிறகு அலமேலு பக்கம் திரும்பினார். "ஏம்மா, உனக்கு என்ன வயசு?"

"நாப்பத்தி மூணுங்க சார்."

"எங்கம்மாவுக்கே அம்பதுக்கு மேலதான் நின்னுச்சு. உனக்கு எப்படிம்மா நாப்பத்தி மூணு?"

அந்த மனிதர் கொடுமைக்காரர் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அலமேலுவைப் போன்ற பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. வேலைக்குச் சேரும்போது ஆளைப் பார்த்து உத்தேசமாக வயது போடுவதுதான் எங்கள் எஸ்டேட் வழக்கம். சிலருக்கு நாற்பதை ஒட்டியே நின்றுவிடும், டாக்டர் சீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

"டாக்டருக்கு வயசு சொன்னதும் இவங்கதானுங்க? வயசுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துரலாம். ரிட்டயர்மென்ட்டுக்கு எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சிரும்."

அலமேலு விதவை. மகள் சேலத்தில் கல்லூரியில் முதல் வருஷம். டெஸ்டில் வயது கூடுதலாக வந்தால் வேலை முன்னதாகவே போகும்; வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போய்விடும். மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர், ஓரத்தில் கணக்கர், வாசலில் மேஸ்திரி. மூன்று ஆண்களுக்கு முன்னால் அலமேலு அந்தச் சீட்டை எடுத்து மடித்துக்கொண்டார்.

"எனக்கு நிக்கலீங்க சார். போன வாரங்கூட வந்துச்சுங்க. நாந்தான் தெரியாமச் சொல்லிப்போட்டேன்."

மேஸ்திரி தரையைப் பார்த்தார். "அப்பச் சரி. சரிவுக்கே போம்மா," என்றார் மேனேஜர்.

வெளியே வந்ததும், "ஏன் அலமேலு அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"வேர்த்தா தொடச்சுக்கலாமுங்க. ஊடு போனா எங்கீங்கம்மா போறது?"

3. கற்றுக்கொண்டது

சில வருஷம் கழித்து, மாதவிடாய் நிற்கும் அதே காலத்தை நானும் கடந்தேன். என் நாற்காலிக்கு மேல் ஃபேன் இருந்தது, நாலு எட்டில் கழிப்பறை இருந்தது. என் வயதை யாரும் சந்தேகப்படவில்லை. என்னிடம் பள்ளிச் சான்றிதழ் இருந்தது.

நான் ஓய்வு பெறும்வரை வேறு எந்தப் பெண்ணும் இதைச் சொல்லிக்கொண்டு ஆபீஸ் படியேறவில்லை. யாருக்கும் இந்தத் தொல்லை இல்லை என்று மேனேஜர் நினைத்திருப்பார். இப்போது ரைட்டர் வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு பெண்ணைத் தனியாக அந்த மேஜைக்கு முன் நிற்க விடாதீர்கள். தன் உடம்பை நிரூபித்தால்தான் உதவி என்கிற இடத்தில், உதவி தேவைப்படுகிறவர்தான் முதலில் வாயை மூடிக்கொள்வார்.

போன பருவத்தில் எங்கள் எஸ்டேட்டில் பறிக்கும் வெள்ளக்கடைக் கிராமத்துப் பெண்கள் சிலர் என் வீட்டுக்கு வந்தார்கள். சரிவில் தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறையும் கேட்டு மனு எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அலமேலுவும் வந்திருந்தார், பேனாவை மட்டும் வாங்கவில்லை.

"நீங்க போடுங்க கண்ணு," என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் நகர்த்தினார். "எனக்குத்தான் ஒண்ணுமில்லைன்னு அன்னிக்கே சாருகிட்ட சொல்லியாச்சே."