ராணி வீட்டுக்குப் பின்னால் ஒரு குன்று

பாரம்பரிய உடையில் போனால் சியோலில் உள்ள பழைய அரண்மனைக்கு டிக்கெட் வாங்க வேண்டாம் என்று கொரியாவில் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் சொன்னார். எந்த நாட்டுப் பாரம்பரியம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நமக்குப் பாரம்பரியம் என்றால் பட்டும் வேட்டியும்தானே!

எனக்கு ஓசூரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. கம்பெனி என்னை இரண்டு வருஷத்துக்கு சியோல் பக்கத்தில் இருந்த தலைமை ஆலைக்கு அனுப்பியது. மனைவியையும் கூட்டிப் போனேன். அவள் ஊத்தங்கரைக்காரி. ஓசூருக்கு வாழ வந்த கொஞ்ச நாளிலேயே காய்காரம்மாவிடம் தெலுங்கிலும் பக்கத்து வீட்டில் கன்னடத்திலும் வாயடிக்கப் பழகிக்கொண்டவள். சியோலில், நான் ஷிப்ட் முடிந்து வரும்வரை, பேச ஓர் ஆளில்லாமல் அடுக்குமாடி வீட்டில் அடைந்து கிடந்தாள். ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டாள். தமிழ்ச் சேனல் தெரிகிற பெரிய டிவி வாங்கிக் கொடுத்தேன். மறுபடி கேட்டாள். இட்லி மாவுக்கு கிரைண்டர் வரவழைத்தேன். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். மனசு மாறிவிட்டாள் என்று நான் மனப்பால் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரண்மனைக்குக் கிளம்பினோம். அவள் கல்யாணப் பட்டுப் புடவையைக் கட்டி, அதன் மேல் என் கம்பெனி ஜெர்கினைப் போட்டுக்கொண்டாள். நான் வேட்டி. குளிரில் கால் வெடவெடத்ததை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கவுண்டரில் இருந்த பெண் எங்களை மேலும் கீழும் பார்த்து, ரொம்ப அழகு என்று கைதட்டினாள். பிறகு, தங்கள் நாட்டு உடைக்கு மட்டும்தான் இலவசம் என்று தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாள். எனக்கு மானமே போயிற்று. இவளோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அடேயப்பா, அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! இனி இருந்துவிடுவாள் என்று நம்பிச் சந்தோஷமாக டிக்கெட் வாங்கினேன்.

உள்ளே வெகுதூரம் தள்ளி ராணியின் வீடு. அங்கிருந்த போர்டை நான் படித்துச் சொன்னேன். கல்யாணமாகி வந்த ராணி நினைத்தபோது வெளியே போக முடியாதாம். அவள் பார்ப்பதற்காகவே பின்பக்கம் மண்ணைக் கொட்டிச் சின்னக் குன்று எழுப்பி, அடுக்கடுக்காகப் பூச்செடி வைத்திருந்தார்கள். ராஜாவுக்கு எவ்வளவு அக்கறை பார் என்று, ஏதோ நானே கட்டிக் கொடுத்தது போலப் பெருமையடித்தேன்.

அவள் குன்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். ராணி அம்மா வீட்டுக்காவது போய் வருவாளா என்று கேட்டாள். போர்டில் அது இல்லை, போயிருக்க மாட்டாள் என்றேன்.

“பாவம், அந்தம்மா. போவணும்னு கேட்டப்பல்லாம் ஒரு செடி வெச்சிக் குடுத்திருப்பாங்க போல.”

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“கடைசியா ஒரு தடவ கேக்கறேங்க. என்ன ஊருக்கு அனுப்பிடுங்க.”

சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கெஞ்சக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். சரி என்று தலையாட்டிவிட்டு, அங்கேயே போனை எடுத்து விமான டிக்கெட் பக்கத்தைத் திறந்தேன். பயணிகள் எத்தனை பேர் என்று கேட்டது. ஒன்று என்று அழுத்த எனக்குக் கை வரவில்லை.

அவள் போனை வாங்கி, ஒன்று என்று அழுத்தினாள்.