பெஜ்மானுக்கு ஒரு கண்ணாடி மாடம்

தூபா அக்கா யாரையும் விட்டுவைத்தவள் இல்லை. ஷா காலத்து ஆட்களைத் திட்டினாள், ஷாவை விரட்டிவிட்டு வந்தவர்களையும் திட்டினாள், ரொட்டி நாளுக்கு நாள் சன்னமாகிக்கொண்டே போவதற்கு ரொட்டிக்கடைக்காரனை அதே மூச்சில் திட்டினாள். தெஹ்ரானின் தெற்கே, ஜவாதியேவில், ரயில் பாதையை ஒட்டிய எங்கள் சந்தில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. எனக்கு எதிர்க்கடை என்பதால் என் பங்கு கொஞ்சம் அதிகம். இருபத்தாறு வருஷம் வாங்கியிருக்கிறேன்.

நான் ரஹ்மத். பூட்டு விற்பேன், சாவி செய்வேன். அவள் நடத்தியது வாடகைக் கடை. நாற்காலி, அண்டா, தேநீர் கொதிக்கவைக்கும் சமோவார், கோப்பை என்று கல்யாணத்துக்கும் சாவுக்கும் வேண்டியதெல்லாம் அங்கே இருக்கும். புருஷன் போன பிறகு தனியாளாகக் கட்டிக் காத்தாள். அண்டாவில் ஒரு கீறல் விழுந்து திரும்பி வந்தால் போதும், நடுத்தெருவில் நின்று அந்த வீட்டு வம்சத்தையே வாசித்துவிடுவாள்.

கடையின் பின்பக்கம் இரண்டு ஹெஜ்லே வைத்திருந்தாள். மணமாகாத பிள்ளை செத்துப்போனால் தெருமுனையில் நிறுத்தும் கண்ணாடி மாடம் அது. ஆள் உயரத்துக்கும் மேலே ஓர் இரும்புக் கூடு, சுற்றிலும் சின்னச் சின்னக் கண்ணாடிகள், சரம் சரமாக விளக்கு, உச்சியில் இறகுக் கொத்து, நடுவில் பிள்ளையின் படம். உயிரோடு இருந்தபோது கிடைக்காத மணவறையை அவனுக்கு நாற்பது நாள் தெரு கொடுக்கும்.

அந்த இலையுதிர் காலத்தில் ஊரெங்கும் ஆர்ப்பாட்டம் நடந்தது. எங்கள் சந்துப் பையன் பெஜ்மான் சதுக்கத்தில் சுடப்பட்டான். இருபத்திரண்டு வயது. மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. குண்டு கழுத்தில் பாய்ந்திருந்தது. வண்டியிலிருந்து விழுந்து செத்தான் என்று அரசாங்கத்தில் எழுதிவிட்டார்கள். விடிவதற்குள் புதைக்க வேண்டும், கூட்டம் கூடாது, நாற்பதாம் நாள் சடங்கு கூடாது, மாடம் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் உடலைக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டது தாய்மாமன். தாய் பர்வானே பேனாவைத் தொடவே இல்லை.

பர்வானே தையல் பட்டறையில் சீருடை தைப்பவள். அதிர்ந்து பேசத் தெரியாது. அவள் நான்கு வாடகைக் கடைகளில் ஏறி இறங்கினாள். நான்கிலும் மாடம் பழுதாகிக் கிடந்தது. எல்லோருக்கும் போன் வந்திருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஐந்தாவதாக எங்கள் தெருவுக்கே திரும்பி வந்தாள்.

"அக்கா, உனக்கும் போன் பண்ணியிருப்பாங்களே?"

"பண்ணினாங்க. காது மந்தம்னு சொல்லி வச்சுட்டேன். பையன் படம் இருக்கா?"

"இருக்கு. ஆனா உனக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"எனக்கு ஆகறது கிடக்கட்டும். சிரிக்கிற படமா பார்த்துக் கொண்டா. அடையாள அட்டைப் படம் வேணாம், அதுல எல்லாருமே திருடன் மாதிரிதான் இருப்பாங்க."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தெருவைத் தாண்டிப் போய், "உனக்கெதுக்கு அக்கா இந்த வம்பு? மத்தவங்க எல்லாம் முட்டாளா?" என்றேன்.

"ரஹ்மத், நீ பூட்டு விக்கிறவன்தானே? வாய்க்கு ஒண்ணு எடுத்துப் போட்டுக்கோ, போ."

காடி நனைத்த பழைய பேப்பரால் ஒவ்வொரு கண்ணாடியாகத் துடைத்தாள். மதியத் தொழுகை அழைப்புக்கு முன்னால் மாடம் தெருமுனையில் நின்றுவிட்டது. இந்த மாதிரிப் படங்களுக்குக் கீழே, 'இளம் வயதில் மறைந்த மலர்' என்று எழுதுவார்கள். பர்வானே சொன்னபடி தூபா அக்கா எழுதவைத்தது வேறு: 'பெஜ்மான். பர்வானேயின் மகன். சுட்டுக் கொல்லப்பட்டான்.'  அதைப் படித்ததும் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு வேன் வந்தது. இறங்கியவர்களில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்டவன்தான் பெரியவன்.

"ஹாஜியம்மா, இது யாருது?"

"நான் ஹஜ்ஜுக்குப் போனதில்ல. மாடம் என்னுது. பிள்ளை அந்தம்மாவுது. குண்டு யாருதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"பையன் வண்டியிலேர்ந்து விழுந்து செத்தான். வீணா வதந்தி பரப்பாதீங்க."

"கழுத்துல ஓட்டை போடற வண்டி எந்தக் கடையில விக்கிது? சொல்லுங்க, நாங்க வாங்காம இருப்போம்."

"இது இஸ்லாமிய அரசு அம்மா. அதுக்கு எதிரா..."

"நானும் வேளை தவறாம தொழுறவதான். முஹர்ரம் பத்து நாளும் இந்தத் தெருவுல அடுப்புல ஏறுற அண்டா பூரா என்னுது, இனாம். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி அநியாயமா செத்த இமாமுக்கு மார்ல அடிச்சுக்கிட்டு அழுங்கன்னு சொல்றீங்க, அழுவுறோம். போன வாரம் செத்தவனுக்கு அழக் கூடாதுன்னா என்ன நியாயம்?"

சந்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். சாம்பல் கோட்டுக்காரனின் காது சிவந்தது. மாடத்தை அப்படியே சாய்த்து வேனில் ஏற்றச் சொன்னான். ஏற்றும்போது பாதிக் கண்ணாடி நொறுங்கிற்று. தூபா அக்கா வேனை மறித்து நின்றாள்.

"என் சாமானை எடுத்துட்டுப் போறீங்க. ரசீது குடுங்க."

"ரசீதெல்லாம் கிடையாது. தள்ளு."

"ரசீது இல்லாம எடுத்தா அதுக்குப் பேரு திருட்டு!" என்று சந்துக்கே கேட்கக் கத்தினாள். வேன் போன ஒரு மணி நேரத்தில் அதே இடத்தில் இரண்டாவது மாடம் நின்றது.

சாயங்காலம் இன்னும் அதிகம் பேராக வந்தார்கள். மாடத்தை எடுத்தார்கள், அவளையும் எடுத்தார்கள். கடையைப் பூட்ட வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம், கடையில் பூட்டே இல்லை என்றாவது புளுகியிருக்கலாம். இருப்பதிலேயே கெட்டியான பூட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டினேன். காருக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"நல்லா இழுத்துப் பாரு ரஹ்மத்! மட்டமான பூட்டைப் போட்டு என் கடை மானத்தை வாங்கிடாதே!"

 வீட்டில் என் மனைவி ஃபக்ரி கறிக் குழம்பையும் ரொட்டியையும் என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். நாலு ஏச்சு ஏசியிருந்தால் சாப்பிட்டிருப்பேன். 

தூபா அக்காவை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. 'வெளிநாட்டுக்காரர்கள் தூண்டித்தான் பர்வானே மாடம் கேட்டாள்' என்று அவள் எழுதிக் கொடுத்தால் மாடம் இரண்டும் வந்துவிடும், கடையும் திறந்துவிடும், பர்வானே உள்ளே போய்விடுவாள். தினமும் தாளும் பேனாவும் கொடுத்தார்களாம்.

"தினமும் எழுதத்தான் செஞ்சேன்" என்றாள் எங்களிடம், வெளியே வந்த பிறகு. "'எடுத்துட்டுப் போன ரெண்டு மாடத்தையும் திருப்பிக் குடுங்க'ன்னு எழுதினேன். எழுத்துப் பிழை கூட இல்லாம."

பெஜ்மான் செத்த முப்பத்தெட்டாம் நாள் அவளை விட்டார்கள். முட்டி இரண்டும் வீங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். சந்தில் இன்னொரு மாடம் நின்றால் இரண்டு வருஷம் என்று எச்சரித்திருந்தார்கள். கடையில் என் பூட்டு அப்படியே தொங்கியது. வரும் வியாழக்கிழமை நாற்பதாம் நாள். அன்றைக்கும் விட்டுவிட்டால் அந்தப் பிள்ளை வண்டியிலிருந்து விழுந்தவனாகவே போய்விடுவான். இது சந்தில் எல்லோருக்கும் தெரியும். அப்புறம் அதைக் கேட்க யாருக்கும் வாய் இருக்காது.

வியாழன் காலையிலேயே தெருமுனையில் சிப்பாய்களோடு இரண்டு வண்டிகள் வந்து நின்றுவிட்டன. பர்வானே மகனின் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் தனியாக நின்றாள். அவள் பக்கத்தில் போய் நிற்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. நானும் என் ஷட்டருக்குப் பின்னால்தான் இருந்தேன்.

தூபா அக்கா காலை இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு கைகளாலும் அவள் அணைத்துத் தூக்கி வந்தது அவளுடைய கல்யாணக் கண்ணாடி. எங்களில் கண்ணாடியும் ஒரு ஜோடி மெழுகுவத்தித் தண்டும் இல்லாமல் நிக்காஹ் கிடையாது. மாப்பிள்ளை முதன்முதலாகப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பது அந்தக் கண்ணாடியில்தான். பிறகு அது அலமாரியின் மேல்தட்டில் ஏறிவிடும். குழந்தைகளைக் கிட்டே அண்டவிட மாட்டார்கள். அதைக் கொண்டுவந்து, மாடம் நின்ற இடத்தில், மண்ணில், சுவரில் சாய்த்து வைத்தாள்.

"என்ன இது?" என்று சாம்பல் கோட்டுக்காரன் பாய்ந்து வந்தான். "உன்கிட்ட அவ்வளவு சொல்லியும் புத்தி வரலையா?"

"மாடம் நிறுத்தக் கூடாதுன்னீங்க, நிறுத்தலை. இது என் கல்யாணக் கண்ணாடி. இந்த வயசுல என் மூஞ்சியை வெளிச்சத்துல வச்சுப் பார்க்க ஆசையா இருக்கு."

அதற்குள் ரொட்டிக்கடைக்காரனின் மருமகள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் கண்ணாடி. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. புருஷனிடம் விவாகரத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்ட நஸ்ரின் தன்னுடையதைத் தூக்கி வந்து வைத்தாள். "இத்தனை நாள் அந்த நாய் மூஞ்சியைக் காட்டின கண்ணாடி. இன்னைக்காவது ஒரு மனுஷன் மூஞ்சியைக் காட்டட்டும்" என்றாள்.

என் வீட்டுக் கதவும் திறந்தது. கண்ணாடியோடு ஃபக்ரி வந்தாள், நான் ஓடிப்போய் மறித்தேன்.

"ஃபக்ரி, வேணாம். பெயரை எழுதிக்குவாங்க. நமக்கும் பிள்ளைங்க இருக்கு."

"இருக்கறதாலதான் போறேன். நீ அவங்க சொன்னதைக் கேட்டுப் பூட்டினது போதும். அந்த மெழுகுவத்தித் தண்டு ரெண்டையும் எடுத்துக்கிட்டு என் பின்னாடி வா."

போனேன்.  முப்பது வருஷ இல்வாழ்க்கையில் அவள் போட்ட எத்தனையோ உத்தரவுகளில் நான் பெருமையோடு செய்தது அது ஒன்றுதான்.

மொத்தம் இருபத்து மூன்று கண்ணாடிகள். வளைவாக வைத்து, மெழுகுவத்திகளை ஏற்றினோம். பர்வானே ஒரு முக்காலியைப் போட்டு நடுவில் படத்தை வைத்தாள். எந்தக் கண்ணாடியைப் பார்த்தாலும் பெஜ்மான் சிரித்தான். அவ்வளவு நாளும் வாய் திறந்து அழாத பர்வானே அப்போதுதான் குரலெடுத்து அழுதாள். சந்தே சேர்ந்து அழுதது.

"எல்லாத்தையும் எடுங்கடா!" என்று சாம்பல் கோட்டுக்காரன் சிப்பாய்களைப் பார்த்துக் கத்தினான். அவர்கள் குனிந்தார்கள்.

"எடுங்கப்பா, பயப்படாதீங்க" என்றாள் தூபா அக்கா. "ஆனா கவனமா எடுங்க. ஒண்ணு உடைஞ்சா அந்த வீட்டுக்கு ஆகாது. உங்கம்மா கண்ணாடி எந்த அலமாரியில இருக்குன்னு நினைச்சுக்கிட்டு எடுங்க."

குனிந்தவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள். அவன் இன்னொரு தடவை கத்தினான், மேலே புகார் செய்வேன் என்று மிரட்டினான். ஒருவனும் கை வைக்கவில்லை. கடைசியில் அவனே வந்து தூபா அக்காவின் கண்ணாடியை மட்டும் எடுத்தான், அவளையும் காரில் ஏற்றினான். மற்ற இருபத்திரண்டும் மெழுகுவத்தி கரைந்து தீரும்வரை அங்கேயே இருந்தன. பக்கத்துச் சந்துகளிலிருந்தெல்லாம் வந்து ஃபாத்திஹா ஓதிவிட்டு, செத்தவர் பேரில் கொடுக்கும் அல்வாவைச் சாப்பிட்டுப் போனார்கள்.

நான்கு மாதம் கழித்து வழக்கு வந்தது. கடையைப் பூட்டியவன் என்று என்னைச் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள். தீர்ப்புத் தாளில் இரண்டு வருஷம் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார்கள். நீதிபதி நல்ல மனநிலையில் இருந்தார் போலிருக்கிறது.

"உன் வயசைப் பார்க்கிறேன் அம்மா. செஞ்சதுக்கு வருத்தப்படறேன்னு ஒரு வார்த்தை சொல்லு. வீட்டுக்குப் போ."

"வருத்தம் இருக்குங்க" என்றாள் தூபா அக்கா.

நீதிபதி பேனாவை எடுத்தார். என் உயிர் திரும்பி வந்தது.

"தகரத்தையும் பல்பையும் நம்பி நாற்பது நாளை வீணாக்கிட்டேன். எங்க தெருப் பொம்பளைங்களை முதல் நாளே கூப்பிட்டிருக்கணும்."

நீதிபதி இரண்டை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார். அதன் பிறகு ஜவாதியேவில் செத்த எந்தப் பிள்ளைக்கும் யாரும் வாடகைக் கடையைத் தேடிப் போகவில்லை. அலமாரிகளிலிருந்து கல்யாணக் கண்ணாடிகள் இறங்கின.