மெயினை இறக்கினாலும் சாகாத கடிகாரம்

எங்கள் தெகல் ஊரில் முர்னியாதியைத் தெரியாத பள்ளிவாசல் கமிட்டி கிடையாது. தொழுகை நேரம் காட்டும் மின்கடிகாரம் செய்கிறவள். பாத்தாம் தீவில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடம் சர்க்யூட் போர்டு சோதித்துவிட்டு ஊர் திரும்பி, உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரைக் கடிகாரத்துக்குள் வைத்து விற்க ஆரம்பித்தாள். அலுமினியச் சட்டம் அடித்துக் கொடுப்பது நான். அவள் கணவன் என்பது அதற்கு அடுத்த பதவிதான்.

செத்துப்போன மெமரி கார்டைக்கூடத் தூக்கிப் போடமாட்டாள். "எப்படிச் செத்துச்சுன்னு தெரியாம விடமாட்டேன்" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். புதுக் கார்டு போட்டோமா, அடுத்த வேலையைப் பார்த்தோமா என்றிருப்பவன் நான்.

கடற்கரைப் பள்ளிவாசலில் மாட்டிய கடிகாரம் மூன்று மாதத்தில் மூன்று தடவை படுத்தது. மூன்று தடவையும் என் அவசரத்துக்குப் புதுக் கார்டு போட்டு முடித்தோம். நான்காவது தடவை படுத்தது ரமலான் இரண்டாம் நாள். நோன்பு திறக்கும் சைரன் ஊதவில்லை. பக்கத்துப் பள்ளியின் பாங்கு காதில் விழும்வரை, பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடி எல்லோரும் கறுத்துப்போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

மறுநாள் கமிட்டித் தலைவர் ஹாஜி சுப்கி எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். என் வாய் சும்மா இருக்குமா?

"இங்க கூட்டிப் பெருக்குற கஸ்மூரி எதையாவது நோண்டியிருப்பாரு, பாக் ஹாஜி."

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள தெரியணும். அவர் கைவேலைதான்னா ஆளை வேலையை விட்டே அனுப்பிடுவேன்" என்றார் ஹாஜி.

கஸ்மூரிக்குப் பள்ளியின் பின்னறைதான் வீடு. அதைவிட்டால் போக்கிடம் இல்லை. திரும்பும் வழியில் முர்னி என்னை விட்டு முன்னால் நடந்தாள்.

கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து முதலில் அப்படியே நகல் எடுத்தாள். நகலில்தான் கை வைத்தாள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலே பாதி எழுதியும் எழுதாமலும் சிதைந்து கிடந்தது. பழுது நீக்கும் நிரலை இரண்டு தடவை ஓட்டி, கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே எழுதிவந்த குறிப்பை மீட்டாள். ஒவ்வொரு நாளும் இரவுத் தொழுகை முடிந்த அரைமணியில் அது நின்றுபோயிருந்தது.

"இது கரண்ட் கட் இல்ல. யாரோ தினமும் மெயின் சுவிட்சை இறக்குறாங்க. எழுதிக்கிட்டு இருக்கும்போது இறக்கினா என்னைக்காவது ஒருநாள் பட்டியல் கெட்டுத்தான் போகும்; அப்புறம் பகல்ல எந்நேரமும் படுத்துடும்" என்றாள்.

"பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்றேன்.

அவள் நேரே கஸ்மூரியிடம் போனாள். பின்னாலேயே நானும் போனேன். அவளை எப்போதும் 'இபு', அம்மா, என்றே கூப்பிடும் மனிதர், எதையும் மறைக்கவில்லை.

"ஆமா இபு, நான்தான் இறக்குறேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல. சந்தை எரிஞ்ச அன்னைக்கு ஒயர்லதான் முதல்ல தீப்பிடிச்சுது. மெயினை ஒருத்தரும் இறக்கல. என் பொண்டாட்டி கடைக்குள்ள படுத்திருந்தா. இங்க இறக்காமப் படுத்தா எனக்குத் தூக்கம் வராது."

எனக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும், "ஹாஜிகிட்ட உள்ளதைச் சொல்லிடு. நம்ம பேராவது பிழைக்கும்" என்றேன்.

"மெயினை இறக்குற கை எல்லா ஊர்லயும் இருக்கும். அதைத் தாங்காத மெஷினைச் செஞ்சது நான்தானே" என்றாள்.

இரண்டு நாள் உட்கார்ந்து, ஓடும்போது கார்டில் எதுவுமே எழுதப்படாதபடி பூட்டினாள். குறிப்பெல்லாம் தற்காலிக நினைவகத்தோடு போகட்டும் என்று விட்டாள். இதுவரை இணையத்திலிருந்து எடுத்துவந்த நேரத்தை இனி உள்ளேயே காப்பாற்ற ஒரு பொத்தான் பேட்டரி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, கூட்டம் கலையும் முன் ஹாஜியிடம், "தப்பு என்னோடது, திருத்திட்டேன்" என்றாள். பிறகு கஸ்மூரியையும் ஹாஜியைப் போலவே 'பாக்' என்று மரியாதையாகக் கூப்பிட்டாள்.

"மெயினை இறக்குங்க, பாக்."

அவர் தயங்கினார். "பயப்படாம இறக்குங்க" என்றாள். இறக்கினார், ஏற்றினார். ஒரு நிமிடத்தில் கடிகாரம் சரியான நேரத்தோடு எழுந்தது. இருபது தடவை இறக்கச் சொன்னாள். இருபது தடவையும் எழுந்தது.

கைப்பிடியை விடாமலே கஸ்மூரி கேட்டார்: "அப்போ இன்னைக்கும் இறக்கலாமா, இபு?"

"தினமும் இறக்குங்க. நீங்க இறக்குறதுக்காகத்தான் இப்படிச் செஞ்சிருக்கேன்."

அத்தனை பேர் முன்னால் அவர் அழுதுவிட்டார். பிறகு என்னிடம் வந்து இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் என்னைச் சந்தேகப்பட்டாங்க. நீங்க ரெண்டு பேருதான் நம்புனீங்க."

ஹாஜி என்னைப் பார்த்தார். நான் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை.