நுனி போன இலை

என் மருமகள் துணிக்குப் பூப்போடும் அச்சுக்கட்டை வெட்டுகிறவள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரத்துண்டு. அதில் கொடியும் இலையும் மேடாக நிற்கும்படி மற்ற இடத்தையெல்லாம் உளியால் தோண்டி எடுக்க வேண்டும். சாயம் தொட்டுத் துணியில் வைத்து ஒரு குத்துக் குத்தினால் இலை விழும். முன்னறையில் சன்னலோரம் அவளுடைய இடம். அங்கே நான் துடைப்பத்தோடு போனால் முறைப்பாள்.

போன வருஷம் ஒரு லேசர் மிஷின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மூடி போட்ட பெட்டி. உள்ளே ஒரு நீல வெளிச்சம் மரத்தின்மேல் ஊர்ந்து ஊர்ந்து கோட்டைச் சுட்டு வைக்கும்.

"கோடு மட்டும்தான் அது போடும் அத்தை. ஆழம் நான்தான் வெட்டணும்" என்றாள்.

"அப்ப எதுக்குடி இது?"

"கோடு போடவே அரை நாள் போயிடுதே."

"போகட்டுமே. நீ எந்த ரயிலைப் பிடிக்கப் போற?"

சிரித்தாளே தவிர மிஷினைத் திருப்பி அனுப்பவில்லை. வீடு முழுக்கக் கருகல் வாடை. அடுப்பில் எதையோ வைத்து மறந்துவிட்டேன் என்று நான் எத்தனை தடவை எழுந்து ஓடியிருப்பேன்!

அப்போதுதான் ஒரு கடையிலிருந்து நாற்பது கட்டை கேட்டார்கள். கைவேலைப் பொருளை மட்டுமே விற்கிற கடை. செய்தவர் பெயரை எழுதிப் பக்கத்திலேயே வைப்பார்களாம். பத்து வருஷமாக இவள் வெட்டியதையெல்லாம் வேறு யார் யாரோ தங்கள் பெயரில்தான் விற்றார்கள். அதனால் இந்தக் கடையில் தன் பெயர் ஏறிவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தாள். கடைக்காரம்மா நேரில் வந்து பார்ப்பார். கைவேலை என்று அவர் ஒப்புக்கொண்டால் சரி. இல்லையென்றால் கட்டைகள் எங்கள் கட்டிலுக்கு அடியில்தான்.

மிஷினுக்குப் படம் கொடுக்க வேண்டுமாம். தான் முன்பு வெட்டியதிலேயே மனசுக்குப் பிடித்த ஒரு கட்டையைக் காகிதத்தில் அச்சடித்து, அதைப் படம் பிடித்துக் கொடுத்தாள். அந்தக் கட்டையில் மூன்றாவது இலைக்கு நுனி கிடையாது. அதை வெட்டிக்கொண்டிருந்தபோது நான் கத்தினதால்தான் உளி வழுக்கியது என்பது அவள் கட்சி. நான் கத்தவில்லை, கூப்பிட்டேன். பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் குறை தெரியாமல் போய்விட்டது. மிஷினுக்குத் தெரிந்தது. கட்டைக்குக் கட்டை மூன்றாவது இலைக்கு நுனி இல்லாமலே சிரத்தையாகக் கோடு சுட்டு வைத்தது. அவளும் அந்தக் கோட்டைப் பிடித்தே ஆழம் வெட்டி, கருகின ஓரத்தைச் சீவிச் சுத்தமாக்கினாள். முப்பத்தாறு முடிந்த பிறகுதான் விஷயம் புரிந்து தலையில் கை வைத்தாள். மீதி நாலுக்கு மிஷினைத் தொடவே இல்லை. பென்சிலால் வரைந்து, முழு நுனியோடு, உளியாலேயே முடித்தாள்.

கடைக்காரம்மா வந்தார். தரையில் உட்கார்ந்து கட்டைகளைப் பரப்பினார். ஒவ்வொன்றாக எடுத்து அந்த நுனி போன இலையைத் தடவினார்.

"எல்லாத்துலயும் ஒரே இடத்துல வேணும்னே ஒரு குறை விட்டிருக்கீங்க. இதானே உங்க அடையாளம்? பிரமாதம்!"

பிறகு அந்த நாலையும் ஒரே விரலால் ஒதுக்கித் தள்ளினார். "இதுங்க மட்டும் மிஷின். கையில இவ்வளவு சுத்தம் வராது."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஆமாம்மா, அவ அடையாளம்தான், சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்று அளந்துவிட்டேன். அவள் தொடையில் ஒரு கிள்ளும் கிள்ளினேன். அவளோ திருதிருவென்று விழித்தாள்.

"இல்லீங்க மேடம். இந்த நாலுதான் முழுக்கக் கை. அந்த முப்பத்தாறுலயும் கோடு மிஷின் போட்டது."

கடைக்காரம்மா கையில் இருந்ததைக் கீழே வைத்தார். "மிஷின் எங்கயாவது வழுக்குமா?"

"வழுக்கினது என் உளிதான்."

"அப்ப கை."

"இல்ல, அது ஒரு தடவை வழுக்கினது. மிச்சமெல்லாம் அதைப் பார்த்து மிஷின் போட்டது."

"அப்ப மிஷின்."

"ஆழம் நான் வெட்டினேனே?"

"அம்மா தாயே, ஒண்ணு சொல்லுங்க!"

அவள் கட்டையைப் பார்க்கிறாள், தன் கையைப் பார்க்கிறாள், மூலையில் இருந்த பெட்டியைப் பார்க்கிறாள். கடைக்காரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நாலு கட்டையைப் பையில் போட்டார். அந்த நாலுக்கு இவள் பெயரை எழுதி வைப்பாராம். முப்பத்தாறும் வேண்டாமாம்.

நான் விடுவேனா? வாசல்வரை துரத்திப் போனேன். "இப்பத்தான் அதையெல்லாம் பிரமாதம்னீங்க?"

"சொன்னேன் பெரியம்மா. இப்பவும் அழகாத்தான் இருக்கு. ஆனா என்னன்னு சொல்லி விப்பேன்?"

"அழகா இருக்குன்னு சொல்லி வில்லுங்க!"

அவர் வண்டியில் ஏறிப் போய்விட்டார். உள்ளே வந்தால் மருமகள் அந்த முப்பத்தாறுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என் பேரு ஏறிடுச்சுல்ல அத்தை?"

"ஏறிடுச்சு."

"அப்ப ஏன் எனக்குச் சந்தோஷமா இல்ல?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் நாற்பதுக்கும் ஏறியிருக்குமே என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். சொல்லாவிட்டாலும் நான் நினைத்தது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவள் செய்தது தப்பா என்று கேட்டால்தான் முழிக்கிறேன்.

இன்று காலை ஒரு புதுக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "நீங்களே சொல்லுங்க அத்தை. மிஷின்ல வைக்கட்டா, வேணாமா?"

"எனக்கென்னடி தெரியும்? வை."

வைத்தாள். நீல வெளிச்சம் வருவதற்குள் எனக்கு மனசு கேட்கவில்லை. "எடுத்துடு" என்றேன்.

எடுத்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் அந்தக் கட்டையைப் பார்த்தேன்.