கழற்றி மாட்டும் வேகத்தடை

என் வீட்டுக்காரியின் வலது காலுக்குள் ஓர் இரும்புத் தகடு இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு எதிரேதான் டவுன் பஸ் நிற்கும். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலை முடித்து அவள் அங்கே இறங்குவாள். தெருவைத் தாண்டினால் வீடு. அந்தத் தெருவைத்தான் ஒரு நாள் சாயங்காலம் அவளால் தாண்ட முடியவில்லை. பைக்கில் வந்து அடித்துப் போட்டவன் நின்றுகூடப் பார்க்கவில்லை, பாவி.

அவள் கால் கூடி நடக்கத் தொடங்கிய நேரம், தெருவைப் பெயர்த்துப் புதிதாகப் போடப் போகிறார்கள் என்று தெரிந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது ஊரறிந்த விஷயம். வீட்டு முன்னறையில் மோட்டார் காயில் கட்டும் என் கடையைப் பூட்டிவிட்டு நகராட்சி இன்ஜினியர் முன்னால் போய் நின்று சத்தம் போட்டேன். அவருக்குச் சின்ன வயசு, ஆனால் பொறுமைசாலி.

"செத்த உக்காருங்க அண்ணாச்சி. ரெண்டு பக்கமும் நடைபாதை வருது. ஒங்க வீட்டுக்கு எதுக்க, அந்த ஒசரத்துக்கே ரோட்டையும் அகலமா மேடாக்கி வெள்ளைக்கோடு போட்டுருதோம். அக்கா படி எறங்காமலே இந்தப் பக்கம் வந்துரலாம். வண்டிதான் மெதுவா ஏறி எறங்கணும்" என்றார்.

சொன்னபடி செய்தார். அவள் மறுபடி வேலைக்குப் போய்த் திரும்பிய முதல் நாள் நான் கடை வாசலில் நின்றேன். பறந்து வந்த பைக்கெல்லாம் மேட்டைக் கண்டதும் பெட்டிப்பாம்பாய் அடங்கின. அவள் நிதானமாக நடந்து வந்து, "பாத்தீகளா, ராணி மாதிரி வந்தேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

பிறகு எங்கள் தெருக் கோயிலின் தேர் வந்தது. ஓடுகிற தேரின் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைக் கொடுத்து அதை நிறுத்துவதும் திருப்புவதும் எங்கள் குடும்பத்து முறை. தேருக்கு முன்பு தெருவில் இருக்கிற வேகத்தடைகளைப் பெயர்த்துவிடுவதும் இங்கே வழக்கம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. டீக்கடையில் ஒருவர், "கட்டை போடுதவுக நீங்க. மேட்டுல சக்கரம் சறுக்குச்சுன்னா ஒங்களைத்தான கேப்பாக?" என்று சொன்னதும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கடப்பாரையை வாங்கி அந்த மேட்டில் முதல் போடு போட்டவன் நானேதான்.

அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பொறவு திரும்பக் கட்டிருவாகளா?" என்று கேட்டாள்.

"தேர் நிலைக்கு வந்த மறுநாளே கட்டிருவோம். சாமி காரியம்ட்டி, சும்மா இரு."

தேர் நன்றாகவே ஓடி நிலைக்கு வந்தது. மறுநாள் யாரும் வரவில்லை. பள்ளத்தில் கொஞ்சம் கலவையைக் கொட்டிச் சமமாக்கியதோடு சரி. அடுத்தவன் பார்த்துக்கொள்வான் என்று ஆளாளுக்கு இருந்துவிட்டோம். மற்றவர்களைச் சொல்வானேன், தண்ணீர் மோட்டார்கள் வரிசையாக ரிப்பேருக்கு வந்த நேரம், நானே மறந்துபோனேன்.

ஒரு சாயங்காலம் காயிலை மாட்டிவிட்டு மோட்டாரை ஓட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவன் தற்செயலாக நிமிர்ந்தேன். எதிர்ப்பக்கம் அவள் சாப்பாட்டுப் பையோடு நின்றாள். ஒரு காலைக் கீழே வைப்பாள். பைக் சத்தம் கேட்டதும் எடுத்துக்கொள்வாள். அவள் வரும் பஸ் போய் வெகு நேரமாகியிருந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கை சில்லிட்டிருந்தது.

"எம்புட்டு நேரமா நிக்க? ஒரு சத்தம் குடுத்தா வரமாட்டேனா?"

"குடுத்தேன். ஒங்க மோட்டார் சத்தத்துல கேக்கல."

இப்பக்கம் வந்த பிறகுதான் அதைச் சொன்னாள். "அம்புட்டுப் பெரிய தேரைக் கட்டை போட்டு நிறுத்துதீக. எனக்காக வண்டிய நிறுத்துன ஒண்ணையும் நீங்களே பேத்துட்டீகளே."

அவள் அழவில்லை. யார் மேல் கோபப்படுவது? பெயர்த்தது என் கை.

மறுநாள் மறுபடி அந்த இன்ஜினியர் முன்னால் போய் நின்றேன். இந்தத் தடவை சத்தம் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை.

"ரப்பர்ல வேகத்தடை வருது அண்ணாச்சி. போல்ட் போட்டு மாட்டுதது. தேருக்குக் கழத்திக்கிடலாம். கழத்துததுக்கு நூறு பேரு வருவாக. திரும்ப மாட்டப் போறது யாரு?"

"நான்" என்றேன்.

அப்படி மாட்டிய ரப்பர் வேகத்தடையைக் கழற்றி வைத்துவிட்டு இந்த வருடமும் தேரை ஓட்டி நிலைக்குக் கொண்டுவந்தோம். கூட்டம் கைதட்டிவிட்டு மோர்ப்பந்தலுக்கு ஓடியது. நான் கட்டையைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, கட்டியிருந்த புது வேட்டியோடு நடுத்தெருவில் மண்டி போட்டேன். அதே டீக்கடை ஆள் வந்து, "நாளைக்கு மாட்டிக்கிடலாம், மோரக் குடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி" என்றார்.

"ஏலே, போன வருசமும் நாளைக்குன்னுதாம்லே சொன்னோம்" என்றேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ரப்பர் துண்டுகளைப் பிடித்துக்கொண்டார்.

எதிர் நடைபாதையில் அவள் எனக்கு ஒரு டம்ளர் மோரோடு நின்றிருந்தாள். வா என்று கூப்பிட்டும் வரவில்லை. கடைசி போல்ட்டை முறுக்கி நான் எழுந்த பிறகு, முதலில் வந்த பைக் வேகம் குறைந்து ஏறி இறங்குவதைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் காலைக் கீழே வைத்தாள். நிதானமாகக் கடந்து வந்து மோரை என் கையில் கொடுத்தாள்.

"அந்தக் கடைசி போல்ட்டை இன்னொரு தடவை பாத்துருங்க" என்றாள்.

மோரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, குனிந்து இன்னொரு தடவை முறுக்கினேன்.